ஈரெழுத்து

ட்ரூரோ மரண விசாரணை மன்றத்தில்
பேசியதைப் பேசியபடி தட்டுவது என் வேலை.
இருமினால் இருமல். அழுதால் 'இடைவேளை'.
பிழை திருத்தக் கூடாது.
பதினோரு ஆண்டில் நான் திருத்தியது
என் நாற்காலியின் உயரத்தை மட்டும்.

அன்றைய சாட்சி குன்டிஸ் ஸ்குயா, லாட்வியாக்காரர்.
நியூலின் இழுவலைப் படகில் மூன்று பருவம்.
மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று
கையெழுத்துப் போட்டிருந்தார்.
தளத்தில் நின்று பொறுக்கிய இங்கிலீஷ்:
கயிறு, பனிக்கட்டி, இழு, விடு,
யாருடா என் டீயைக் குடித்தது.

முன்பே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை
அதிகாரி உரக்க வாசித்தார்.
காலை நாலு பத்து. பெரன் ஹாஸ்கிங் தளத்தில் இல்லை.
நாலு பதினைந்து.
'வீ ஸ்டாப்ட் லுக்கிங்.'

தேடுவதை நிறுத்திவிட்டோம்.

ஐந்தே நிமிடம்.
முன்வரிசையில் லவ்டே ஹாஸ்கிங்
மடியில் கிடந்த கையுறையை
விரல் விரலாக உள்வெளி புரட்டத் தொடங்கினாள்.
நான் தட்டி முடித்திருந்தேன். விரல்களுக்கு என்ன,
காதில் விழுந்தது தாளில் விழும்.

குன்டிஸ் எழுந்தார். எழக் கூடாது, எழுந்தார்.
'நோ. வீ ஸ்டாப்ட். லுக்கிங்!'
அதே மூன்று சொல், இன்னும் சத்தமாக,
சத்தம் ஏறினால் இலக்கணம் இறங்கிவரும் என்பதுபோல.
பிறகு வாயைக் கைவிட்டுக் கைக்கு வந்தார்.
வலக்கை ஒரு சாவியைத் திருப்பியது. எஞ்சின் செத்தது.
இடக்கை காதுக்குப் பின்னால் குவிந்தது.
அப்படியே நின்றார்.
மன்றம் மொத்தமும் அவரோடு காது கொடுத்தது.
ரேடியேட்டர் டொக்கென்றது.

நிறுத்தியது படகை.
எதற்கு? தேட.

நடுவிலிருந்த ஒரு 'டு' எங்கோ விழுந்துபோய்
அந்த இடத்துக்கு ஈடாக
'லுக்'கின் வாலில் ஓர் 'இங்' ஒட்டிக்கொண்டிருந்தது.
எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.
புகைக்க நின்றவன் வேறு, புகைப்பதை விட்டவன் வேறு;
'டு' வந்தால் இனித்தான் தொடக்கம்,
'இங்' வந்தால் அத்தோடு சரி.
இருட்டில் வீட்டு மாடிப்படி இறங்குவதுபோல
எண்ணாமலே இறங்கிவிடுவோம்.
அவர் எண்ணி இறங்குகிறவர். ஒரு படி குறைந்தது.

பேனா கொடுத்தார்கள்.
இரு சொல்லுக்கு இடையில் ஒரு கூரை வரைந்து
அதன்மேல் 'டு' எழுதி, 'இங்'கை அடித்து,
ஓரத்தில் கு.ஸ். என்று போட்டார்.
லவ்டேயின் கையுறையில் கட்டைவிரல் மட்டும்
இன்னும் உள்ளேயே இருந்தது.

படகு முதலாளியின் வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார்.
(தட்டினேன்: செருமல்.)
'நன்றி, மிஸ்டர் ஸ்குயா. தேடத்தான் நின்றீர்கள்.
அப்படியென்றால் தேடுவதை எப்போது நிறுத்தினீர்கள்?'
இந்த முறை 'இங்' அதன் சரியான இடத்தில்
பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

குன்டிஸ் புரிந்துகொண்டார். அதுதான் தெரிந்தது முகத்தில்,
பாடம் ஏறிவிட்டது.
டீசல் அளவு சொன்னார். காற்றின் திசை சொன்னார்.
பத்து நாற்பதுக்குப் படகைத் திருப்பியதைச் சொன்னார்.
'கேட்டது அதுவல்ல' என்றார் வழக்கறிஞர்.
'நீங்கள். எப்போது. நிறுத்தினீர்கள்.'

இடைவேளை.

'தி போட்' என்றார் குன்டிஸ்,
'தி போட் ஸ்டாப்ட் லுக்கிங்.'

படகுக்குத் தேடத் தெரியாது.
எழுவாய் தவறிய வாக்கியத்துக்குப் பக்கத்தில்
'சாட்சி சொன்னபடியே' என்று சிறிதாக ஒரு குறிப்புப் போடுவது
எங்கள் வழக்கம்,
பிழை எங்களுடையது அல்ல என்று
படிப்பவர்கள் அறிய வேண்டுமே.

அன்று நான் போடவில்லை.